எந்தத் தமிழ் பைபிள் வாங்குவது?

தம்பி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, சீர்திருத்த சபை), மாப்பிள்ளை ரோமன் கத்தோலிக்கம். மண்டபம், சாப்பாடு, எந்தக் கோயிலில் வைத்துத் தாலி கட்டுவது என்ற பெரிய பஞ்சாயத்தெல்லாம் ஒரு வழியாக முடிந்த பிறகு, போன வாரம் போன் செய்தாள். "பெரியப்பா, புது வீட்டுக்கு ஒரு தமிழ் பைபிள் வாங்கணும். நம்ம வீட்ல இருக்கறதும் அவங்க வீட்ல இருக்கறதும் வேற வேற மாதிரி இருக்கு. எதை வாங்கறது?"

கேள்வி சின்னதுதான். ஆனால் சபையில் இதைச் சத்தமாகக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், சிலருக்குக் கோபமும் வரும். அதனால் அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

கடைக்குப் போனால் முக்கியமாகக் கண்ணில் படுவது இரண்டு. ஒன்று, நாம் 'பழைய மொழிபெயர்ப்பு' அல்லது ஓ.வி. என்று சொல்லும் பரிசுத்த வேதாகமம். தமிழ்நாட்டு சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை கையில் இருப்பது இதுதான். இன்னொன்று, 1995ல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கக் கோயில்களில் திருப்பலி வாசகங்கள் இதிலிருந்து வருகின்றன. இவை இரண்டுக்கும் நடுவில் ஐ.ஆர்.வி. (இண்டியன் ரிவைஸ்டு வெர்ஷன்), எளிய நடைப் பதிப்பு என்று வேறு சிலவும் உண்டு. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பழைய மொழிபெயர்ப்பு என்று பெயர் இருந்தாலும், தமிழில் அதுதான் முதல் பைபிள் என்று நினைத்துவிடக் கூடாது. 1706ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, அங்கேயே அச்சுக்கூடம் வைத்து 1715க்குள் அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தபோது, 1719ல் இறந்துபோனார். மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனரி ஷூல்ட்ஸ். அப்புறம் சென்னை வேப்பேரியில் இருந்த லுத்தரன் மிஷனரி ஃபப்ரிசியஸ் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772ல் வந்தது. லுத்தரன்கள் அதைத் தங்கத் தமிழ் என்று தலையில் வைத்துக்கொண்டாடினார்கள். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் தலைமையில் இன்னொரு மொழிபெயர்ப்பு நடந்து 1850ல் வெளியானது. அதில் அவருக்குத் துணையாக உட்கார்ந்து தமிழைச் செப்பனிட்டவர், பின்னாளில் சைவம் காக்கக் கிளம்பிய ஆறுமுக நாவலர். அது சபைகளில் நிலைக்கவில்லை. கடைசியில் ஹென்றி பவர் தலைமையில் பல மிஷன்களும் சேர்ந்து, ஃபப்ரிசியஸை அடியொற்றிச் செய்து, 1871ல் முழுமையாக வெளியிட்டதுதான் இன்று நம் கையில் இருக்கும் 'பழையது'.

கடவுளை என்ன பெயரில் அழைப்பது என்பதிலேயே இந்தக் கதை முழுவதும் இருக்கிறது. சீகன்பால்குக்கு அவர் சர்வேசுரன். ஃபப்ரிசியஸுக்குப் பராபரன். 1871 பைபிளில் தேவன். 1995ல் கடவுள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் "இது நம்ம வேதபுத்தகம் மாதிரியே இல்லையே" என்று யாரோ ஒரு தாத்தா முனகியிருப்பார். பராபரன் போய் தேவன் வந்தபோது லுத்தரன்கள் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றைக்கு நாம் 'தேவன்' என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறோம்.

சரி, பைபிளைத் திறந்து பார்ப்போம். சங்கீதம் 23. நம் வீட்டுப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டப் படிக்கும் முன்பே மனப்பாடம் செய்வது: "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." திருவிவிலியத்தில் இதே வசனம், "ஆண்டவரே என் ஆயர்; எனக்கேதும் குறையில்லை."

ஞாயிறு பள்ளியில் ஆறாம் வகுப்புப் பையன்களிடம் "தாழ்ச்சியடையேன்னா என்ன?" என்று ஒரு தடவை கேட்டேன். "யாருக்கும் கீழ போக மாட்டேன்" என்றான் ஒருவன். இன்னொருவன், "பெயில் ஆக மாட்டேன் சார்." தாழ்ச்சி என்றால் குறைவு, இல்லாமை என்று அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இப்போது அந்தப் பொருள் வழக்கில் இல்லை. வசனம் முழுதாக மனப்பாடம், பொருள் மட்டும் வேறு. ஆடு பசியாறுவதைப் பற்றிய வரி, மார்க் எடுப்பதைப் பற்றிய வரியாகிவிட்டது.

இதைவிட வேடிக்கை 'கற்பனை'. "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்று யோவான் 14:15ல் இயேசு சொல்கிறார். சபைக்குள் வளர்ந்தவனுக்குக் கற்பனை என்றால் கட்டளை. பத்துக் கற்பனைகள் என்று சொல்லியே பழகிவிட்டோம். என்னோடு வேலை பார்க்கும் இந்து நண்பர் ஒருவர் ஆர்வமாக யோவான் சுவிசேஷத்தைப் படித்துக்கொண்டு வந்தவர், இந்த இடத்தில் நின்று, "இது என்ன, அவரோட கற்பனையையா பிடிச்சுக்கச் சொல்றார்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. திருவிவிலியத்தில் 'கட்டளைகள்' என்றே இருக்கிறது. அவருக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது அதைத்தான்.

அப்படியானால் புதியதையே எல்லோரும் வாங்கிவிடலாமே என்றால், அதுவும் அவ்வளவு நேராகப் போகவில்லை. யோவான் 1:14ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பழையதில் "அந்த வார்த்தை மாம்சமாகி". புதியதில் "வாக்கு மனிதர் ஆனார்". புதியது தெளிவாக இருக்கிறது, மரியாதையாகவும் இருக்கிறது. ஆனால் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் சார்க்ஸ், சதை. மனிதர் என்பதற்கு வேறு சொல் அந்த மொழியில் இருந்தும் யோவான் அதை எடுக்கவில்லை. சதை என்றே எழுதினார். எல்லாவற்றையும் படைத்தவர், பசிக்கிற, புண்படுகிற சதையாக வந்தார் என்று கேட்கும்போது கொஞ்சம் அதிர வேண்டும். 'மாம்சம்' வடமொழிச் சொல்தான். ஆனாலும் அந்த அதிர்ச்சி அதில் இருக்கிறது. இந்த ஒரு வசனத்தில் என் ஓட்டு பழையதற்கே.

ரோமர் 8க்குப் போனால் பழையதில் அதே 'மாம்சம்', புதியதில் 'ஊனியல்பு'. ஊனியல்பு என்று பஸ் ஸ்டாண்டில் யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? தனித்தமிழாக இருப்பதும் எளிய தமிழாக இருப்பதும் வேறு வேறு சங்கதி. நித்தியஜீவனுக்கு 'நிலைவாழ்வு' அழகான சொல், இரண்டு முறை படித்தால் ஒட்டிக்கொள்ளும். 'உன்னதப்பாட்டு' போய் 'இனிமைமிகு பாடல்' வந்ததில் எனக்கு வருத்தம்தான். எபேசியர் 6ல் முழுப் போர்க்கவசம் என்ற பொருளில் வரும் 'சர்வாயுதவர்க்கம்' எந்தப் பிள்ளைக்கும் புரியாது என்பது உண்மை. ஆனால் கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியில் அட்டையில் கத்தியும் கேடயமும் செய்து மாட்டிக்கொண்டு அந்தச் சொல்லை மூச்சுவிடாமல் சொல்வதில் அவர்களுக்கு ஒரு குஷி.

மரியாதை விஷயத்தில் மட்டும் புதியது எட்ட முடியாத தூரத்தில் நிற்கிறது. யோவான் 4, கிணற்றடி. பழையதில்: "சமாரியா நாட்டாளாகிய ஒரு ஸ்திரீ தண்ணீர் மொள்ள வந்தாள். இயேசு அவளை நோக்கி: தாகத்துக்குத் தா என்றார்." புதியதில் அதே பெண் 'வந்தார்', இயேசு அவரிடம் குடிக்கத் தண்ணீர் 'கொடும்' என்று கேட்கிறார். யூதன் ஒருவன் சமாரியப் பெண்ணிடம் வாய் திறந்து பேசுவதே அதிசயமாக இருந்த இடம் அது. அங்கே ஒரு 'தா'வுக்கும் ஒரு 'கொடும்'முக்கும் நடுவில் நம் ஊரின் நூறு வருஷ வழக்கம் கிடக்கிறது. கிணற்றடியில் யார் யாரை எப்படி அழைப்பது என்பது தமிழ்நாட்டில் வெறும் இலக்கணப் பிரச்சினையாக என்றைக்கு இருந்தது?

கானா ஊர்க் கல்யாணத்தில் இன்னும் கூர்மை. பழையதில் இயேசு பெற்ற தாயைப் பார்த்து, "ஸ்திரீயே, எனக்கும் உனக்கும் என்ன" என்கிறார். புதியதில் "அம்மா" என்று ஆரம்பிக்கிறார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பழையது கிரேக்கத்துக்கு நெருக்கம். ஆனால் மூல மொழியில் அந்த விளி அவமரியாதை இல்லை. தமிழில் "ஸ்திரீயே" என்று ஒரு மகன் தாயைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மாப்பிள்ளை வீட்டாரிடம் இந்த வசனத்தைப் பழைய மொழிபெயர்ப்பில் வாசிக்க வேண்டாம் என்று தம்பி மகளிடம் தனியாகச் சொல்லிவைத்தேன். மாதாவைப் பற்றிய பேச்சு, ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

இரண்டும் எந்த மூலத்திலிருந்து வந்தவை என்பதும் முக்கியம். பழையது, ஆங்கில கிங் ஜேம்ஸ் போலவே, பிற்காலக் கையெழுத்துப் படிகளை வைத்து அச்சான கிரேக்க வாசகத்தைப் பின்பற்றுகிறது. அதனால்தான் 1 யோவான் 5:7ல் "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்தஆவி என்பவர்களே" என்று இருக்கிறது. பழமையான கிரேக்கப் படிகளில் இந்த வரி இல்லை. லத்தீன் வழியாக உள்ளே வந்தது. திருவிவிலியம் அதைச் சேர்க்கவில்லை. இதை முதன்முதலில் கண்டுபிடிக்கும் வாலிபர்கள் "வசனத்தையே தூக்கிட்டாங்க" என்று வாட்ஸாப்பில் பரப்புவார்கள். உண்மையில் நடந்தது நேர்மாறு, வசனத்தை யாரோ சேர்த்துவிட்டார்கள். திரியேகத்துவம், அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற நம்பிக்கை, அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை, பயப்பட வேண்டாம்.

திருவிவிலியத்துக்கு இன்னொரு பெருமை, அதன் பெயரிலேயே இருக்கும் 'பொது'. 1968ல் வத்திக்கானும் ஐக்கிய வேதாகமச் சங்கங்களும், இரு சாராரும் சேர்ந்து பைபிள் மொழிபெயர்ப்பதற்கான வழிமுறைகளை வகுத்தார்கள். அந்த வழியில் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எபிரேயம், அரமேயம், கிரேக்கத்திலிருந்து நேராகச் செய்த வேலை இது. கத்தோலிக்கர் வாங்கும் பதிப்பில் தோபித்து, யூதித்து, மக்கபேயர், சீராக்கின் ஞானம் முதலிய நூல்களும் சேர்ந்து 73 இருக்கும். நமக்கு 66. வாங்கும்போது பொருளடக்கத்தைப் பார்த்து வாங்குங்கள், வீட்டுக்கு வந்து "தோபித்து எங்கே?" என்று மாமியார் கேட்டால் சிக்கல். சீராக்கை நம் ஆட்களும் ஒரு தடவை வாசிக்கலாம் என்பது என் கருத்து. வேதவாக்காக ஏற்காவிட்டாலும், நீதிமொழிகள் பிடித்தவர்களுக்கு அது பிடிக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. சங்கீதம் 23. நாலு பேருக்குப் புரியட்டுமே என்று, யாரிடமும் கேட்காமல், திருவிவிலியத்தை எடுத்துக்கொண்டு போய், "ஆண்டவரே என் ஆயர்" என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் பக்கம் புரட்டும் சத்தம். வேறு அதிகாரம் வாசிக்கிறேனோ என்று தேடுகிறார்கள். பெண்கள் பக்கம் நடுவில் உட்கார்ந்திருந்த கண் தெரியாத ஆச்சி ஒருவர், நான் நிறுத்தும் இடங்களிலெல்லாம் தன் பாட்டுக்கு "புல்லுள்ள இடங்களில் மேய்த்து, அமர்ந்த தண்ணீர்கள் அண்டையில்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆறு வசனம் முடிவதற்குள் நான் வாசிப்பதை யாரும் கேட்கவில்லை, அவரைத்தான் கேட்டார்கள். வெளியே வந்ததும் ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், என்னைத் திட்டவில்லை. "தம்பி, அவங்களுக்கு அது புத்தகத்துல இல்ல" என்று மட்டும் சொன்னார்.

பழையதை ஏன் லேசில் மாற்ற முடியாது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த வசனம், சமையலறையில் தொங்கும் காலண்டர், கல்லறைத் தோட்டத்தில் "கர்த்தருக்குள் மரிக்கிறவர்கள் பாக்கியவான்கள்", ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் கைபிடித்துச் சொல்லும் ஜெபம், எல்லாம் அந்தத் தமிழில்தான். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினால் சபை முழுவதும் தன்னால் சேர்ந்துகொள்ளும். "விண்ணுலகிலிருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்கினால் நம் சபை வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கத்தோலிக்கக் கோயிலில் நிலைமை அப்படியே தலைகீழ். ஆக, கூட்டமாக வாசிக்கும் பைபிளைத் தனி ஆளாகத் தீர்மானிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையில் எது இருக்கிறதோ அதுதான். தனியாக வாசிப்பதற்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

நடுவில் இருக்கும் பதிப்புகளைப் பற்றி. ஐ.ஆர்.வி. என்பது பழையதையே எடுத்துத் தூசு தட்டியது. தேவன், விசுவாசம் எல்லாம் அப்படியே இருக்கும். 'சிருஷ்டித்தார்' என்ற இடத்தில் 'படைத்தார்', 'ஸ்திரீ' என்ற இடத்தில் 'பெண்'. சபையில் ஒருவர் பழையதை வாசிக்கும்போது இதைக் கையில் வைத்துப் பின்தொடரலாம், வழி தவறாது. அதனால் சபைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இது நல்ல சமரசம். வாக்கியங்கள் பழைய அமைப்பிலேயே நீளமாக ஓடுவதுதான் குறை. பவுலின் நிருபங்களில் மூச்சு முட்டும். எளிய நடைப் பதிப்பு அந்த நீளத்தைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக உடைத்துவிடும். ராஜாக்கள், நாளாகமம் போன்ற கதைப் பகுதிகளைப் பிள்ளைகள் அதில் ஓட்டமாக வாசிக்கிறார்கள். சங்கீதங்களை அதில் வாசித்தால் உப்பில்லாத கஞ்சி. இரண்டுமே போனில் இலவசமாகக் கிடைப்பதால் காசு போட்டு வாங்கத் தேவையில்லை என்பேன்.

இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு இருமொழி பைபிள் வாங்குகிற வழக்கம் இப்போது அதிகம். வாங்கலாம், ஆனால் என் அனுபவத்தில் பிள்ளை இங்கிலீஷ் பக்கம் பார்க்கும், தமிழ்ப் பக்கம் பார்க்காது. தமிழ் வாசிக்க வர வேண்டும் என்பது நோக்கமென்றால் அது நடக்காது. அதோடு, புத்தகத்தின் கனத்துக்குப் பிள்ளை அதை ஆலயத்துக்குத் தூக்கிக்கொண்டு வராது.

தம்பி மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவளிடம் பழைய மொழிபெயர்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. திடப்படுத்தலின்போது (சபையில் முழு அங்கத்தினராகச் சேர்க்கும் சடங்கு) அவள் அப்பா வாங்கித் தந்தது, ஜிப் வைத்த கறுப்பு உறை, முன்பக்கத்தில் தேதி எழுதியது. அதை எப்படியும் கொண்டுபோகத்தான் போகிறாள். அதனால் புதிதாகக் காசு போட்டு வாங்குவது திருவிவிலியம், அதுவும் 73 நூல்கள் உள்ள பதிப்பு என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைக்கு அது காதில் விழுந்து வளர்ந்த தமிழ். இவளுக்கு முன்னுரைகளும் அடிக்குறிப்புகளும் பயன்படும்.

"அப்போ ராத்திரி ஜெபத்துக்கு எதை வாசிக்கறது?" என்றாள். யார் வாசிக்கிறார்களோ அவர்களுடையது. ஒருநாள் நீ, ஒருநாள் அவர். பிள்ளை பிறந்து மனப்பாட வசனம் சொல்லும் வயது வரும்போது, எந்த ஞாயிறு வகுப்புக்கு அனுப்புவது என்று ஒரு சண்டை வரும். பைபிள் சண்டையை அதோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். சிரித்தாள்.

மற்றவர்களுக்கு என்றால் பதில் மாறும். வயதான பெற்றோருக்கு வாங்குகிறீர்களா? வேறு யோசனையே வேண்டாம். பழையது, பெரிய எழுத்து. முதல்முறை பைபிள் திறக்கும் நண்பருக்குத் திருவிவிலியம், அதுவும் முழு புத்தகத்தையும் கொடுத்து மிரட்டாமல் லூக்காவிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பிரசங்கம் செய்கிறவர், வேதபாட வகுப்பு எடுக்கிறவர் என்றால் இரண்டும் மேஜையில் விரிந்து கிடக்க வேண்டும். இரண்டும் முரண்படும் இடத்தில்தான் பெரும்பாலும் மூல மொழியில் ஏதோ இருக்கும்.

கடையில் உறையைப் பார்த்து வாங்காதீர்கள். நடுவில் திறந்து, சங்கீதம் 119 வரும் பக்கத்தை ட்யூப்லைட் வெளிச்சத்தில் கையை முழுதாக நீட்டி வாசித்துப் பாருங்கள். அடுத்த பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிகிறதா, புத்தகம் விரித்தால் விரித்தபடி நிற்கிறதா, பாமாலை, கீர்த்தனை என்ற பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துக் கட்டியதா தனியா என்று கேளுங்கள். சேர்த்துக் கட்டியது ஞாயிற்றுக்கிழமைக்கு வசதி, படுக்கையில் சாய்ந்து வாசிக்கக் கனம். தம்பி மகள் கல்யாணப் புடவை எடுக்கப் போகும் அன்றே இதையும் வாங்கிவிடலாம் என்றாள். வேண்டாம், புடவைக் கடையிலிருந்து வெளியே வரும்போது யாருக்கும் சின்ன எழுத்தை வாசிக்கும் பொறுமை இருக்காது, வேறு ஒரு நாள் போகலாம் என்றேன்.